கம்ப்ரசர் 9,000 ரூபா, அதை ஓட்டுறதுக்கு 27,000 ரூபாயா?

கம்பத்துல இருக்கிற என் சித்தி பையன் ஒரு நாள் ராத்திரி வாட்ஸ்அப்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். ஷாப்பிங் கார்ட். உள்ள மூணு பொருள். ஏர்பிரஷ்ஷுக்கான சின்ன கம்ப்ரசர் ஒண்ணு, சுமார் 9,000 ரூபா. சைன் வேவ் இன்வெர்ட்டர் ஒண்ணு, அதுக்கு 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி ஒண்ணு, ரெண்டும் சேர்த்து 27,000 ரூபா. கீழ பச்சை எழுத்துல "12 மாதம் நோ காஸ்ட் இஎம்ஐ, மாதம் 3,000". அதுக்கும் கீழ அவன் டைப் பண்ணியிருந்தது இவ்வளவுதான்: "அண்ணே, போட்டுறவா?"

அவனுக்குக் கைக்கு வர்ற சம்பளம் 31,000. வீட்டுல இருந்தே வேலை, மத்தியானம் 2 மணியிலருந்து ராத்திரி 11 வரைக்கும் ஷிப்ட். சித்திக்கு மாசம் 12,000 குடுத்துடுறான். பைக் இஎம்ஐ ஓடுது. அவசரத்துக்குன்னு சேவிங்ஸ் அக்கவுண்ட்ல வச்சிருந்தது 22,000 ரூபா. உங்கள்ல பாதிப் பேரோட கணக்கு இதுக்குப் பக்கத்துலதான் இருக்கும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இதை எழுதுறேன்.

ஒண்ணை முதல்லயே சொல்லிடுறேன். ஹாபிக்கு செலவு பண்றதே வீண்னு பேசுற ஆள் நான் இல்ல. "தேவையா, ஆசையா?"ன்னு ரெண்டு கட்டம் போட்டு, ஆசைக் கட்டத்துல இருக்கிற எல்லாத்தையும் அடிச்சு விடச் சொல்ற வீடியோக்கள் நிறைய இருக்கு. 25 வயசுல ஒன்பது மணி நேரம் ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு யாரோ திட்டுறதைக் கேட்டுட்டு வர்ற பையனுக்கு, ராத்திரி ஒரு மணி நேரம் கையில ஏதாவது செய்யணும்னு தோணுறது ரொம்ப நல்ல விஷயம். இவன் செய்றது ஜீப் மாடல். கம்பம்மெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போகுமே, அந்த ஜீப்புகள். சின்ன அளவுல பிளாஸ்டிக் ஷீட் வெட்டி, ஒட்டி, டாப் கேரியர் வரைக்கும் செஞ்சு வச்சிருக்கான். செம்மண் படிஞ்ச மாதிரி கலர் கீழ இருந்து மேல மங்கி வரணும்னா பிரஷ்ல வராது, ஏர்பிரஷ்தான் வேணும். நியாயமான ஆசை. என் சண்டை அந்த 9,000 மேல இல்ல. அந்த 27,000 மேல.

"இன்வெர்ட்டர் எதுக்குடா?"ன்னு கேட்டேன். வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, பழைய ஸ்கொயர் வேவ் ரகம், ஃபேனும் லைட்டும் ஓடும். "கம்ப்ரசர் அதுல ஓடாதாம்ண்ணே. பாதியில கரண்ட் போனா பெயின்ட் கப்புலயே காஞ்சிரும்"னான். அவன் சொன்னதுல தப்பு இல்ல. இண்டக்ஷன் மோட்டார் வச்ச கம்ப்ரசரை ஸ்கொயர் வேவ்ல போட்டா உறுமும், சூடேறும், நாளாக ஆக காயில் போயிரும். தண்ணில கரையிற அக்ரிலிக் பெயின்ட் நாசில் நுனியில காயறதுக்கு ரெண்டு நிமிஷம் போதும். ஆனா அதுக்குத் தீர்வு இன்வெர்ட்டர்தானா? இந்தக் கேள்வியை யாருமே அவன்கிட்ட கேட்கலை. கடைக்காரர் கேட்க மாட்டார், கார்ட் கேட்காது.

கரண்ட் போறதை எண்ணிப் பாருங்க

நான் அவன்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஒரு மாசம் காத்திரு. கரண்ட் போற ஒவ்வொரு தடவையும் நேரம் எழுது, திரும்பி வந்த நேரம் எழுது. பக்கத்துல நீ பெயின்ட் அடிக்கிற நேரமா இல்லையான்னு ஒரு டிக் போடு. ஆடி மாசம்தான் அது, காத்து சீசன். பள்ளத்தாக்குல இருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. தமிழ்நாட்டுக்குள்ள தென்மேற்குக் காத்து நுழையிற கணவாய்கள்ல பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி மாதிரி கம்பமும் ஒண்ணு. அதனாலதான் தேனி பக்கம் அவ்வளவு காத்தாலை. அந்தக் காத்துல தென்னை மட்டை ஒயர்ல விழாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

மாசக் கடைசியில நோட்டைப் பார்த்தோம். 11 தடவை போயிருக்கு. அதுல ஒண்ணு மாதாந்திரப் பராமரிப்பு, முன்னாடியே பேப்பர்ல வந்தது, அது பகல்ல. அவன் பெயின்ட் அடிக்கிற ராத்திரி 11 டு 12 நேரத்துல போனது 3 தடவை. ரெண்டு தடவை அஞ்சு நிமிஷத்துக்குள்ள வந்துருச்சு. ஒரு தடவை 40 நிமிஷம். ஆக, 27,000 ரூபா எதுக்குன்னா, காத்து சீசன்லயே மாசத்துக்கு ஒரு மணி நேரம் கூட வராத ஒரு தொந்தரவுக்கு.

ஊரைப் பார்த்தா இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. கம்பத்துல இருந்து கூடலூர் தாண்டிப் போனா லோயர் கேம்ப். 1895-ல திறந்த முல்லைப் பெரியாறு அணைத் தண்ணி, சுரங்கம் வழியா மலையைத் தாண்டி வந்து, பெரிய பெரிய இரும்புக் குழாய்ல சரிவுல இறங்கி, பெரியாறு மின் நிலையத்துல 4 டர்பைனைச் சுத்தி விட்டுட்டு, அப்புறம்தான் வயலுக்குப் போகுது. கரண்ட் தயாராகுற இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கோம், நம்ம வீட்டுல ஏன் போகுதுன்னு சித்தி கேட்பாங்க. அந்தக் கரண்ட் கிரிட்டுக்குப் போகுது சித்தி, தெருவுல ஒயர் அறுந்தா லோயர் கேம்ப் என்ன பண்ணும். ஆனா அந்தக் குழாயைப் பார்க்கிறப்ப எனக்குத் தோணுறது வேற. அங்க பேட்டரின்னு ஒண்ணு இல்ல. மேல தேங்கி நிக்கிற தண்ணிதான் பேட்டரி. வேணும்ங்கிறப்ப திறந்து விட்டாப் போதும்.

பேட்டரி உங்க கம்ப்ரசர்லயே இருக்கு

காத்தையும் அப்படித் தேக்கி வைக்கலாம். கம்ப்ரசரோட டேங்க் அதுக்குத்தான். எவ்வளவு பெரிய டேங்க்ங்கிறதுதான் விஷயம், அதை யாரும் கணக்குப் போட்டுச் சொல்றதில்ல. இங்க போடலாம், ரொம்ப சுலபம்.

0.3 மில்லிமீட்டர் நாசில் வச்ச ஏர்பிரஷ், 20 பிஎஸ்ஐ பக்கம் ஓடுறப்ப நிமிஷத்துக்கு சுமாரா 12 லிட்டர் காத்து குடிக்கும். இவன் கார்ட்ல வச்சிருந்தது 6-ல ஒரு ஹெச்பி மோட்டார், 3 லிட்டர் டேங்க், 4 பார்ல நிக்கிற ரகம். ஆன்லைன்ல ஹாபிக்குன்னு தேடினா முதல்ல வர்றது எல்லாமே ஏறக்குறைய இதே மாடல்தான், மேல ஒட்டியிருக்கிற பேரு மட்டும் மாறும். டேங்க் நிறைஞ்சு இருக்கிறப்ப கரண்ட் போச்சுன்னு வைங்க. 4 பார்ல இருந்து 1.5 பார் வரைக்கும் இறங்கினா கிடைக்கிறது 2.5 பெருக்கல் 3, ஏழரை லிட்டர் காத்து. முக்கால் நிமிஷம் கூட வராது. அந்த டேங்க் இருக்கிறது காத்து விட்டு விட்டு வராம சீரா வரத்தான், சேமிக்க இல்ல.

இப்ப 24 லிட்டர் டேங்க், 8 பார் வரைக்கும் ஏத்துற ஆயில் ஃப்ரீ கம்ப்ரசரை எடுத்துக்குங்க. கார்பென்டர், ஏசி மெக்கானிக் எல்லாம் வச்சிருப்பாங்களே, அது. 8-ல இருந்து 1.5 வரைக்கும் இறங்க 6.5 பெருக்கல் 24, மொத்தம் 156 லிட்டர். டிரிக்கரை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தாக்கூட 13 நிமிஷம். யாரும் அப்படிப் பிடிக்கிறதில்ல. ரெண்டு செகண்ட் அடிப்போம், திருப்பிப் பார்ப்போம், மாஸ்கிங் டேப்ப ஒட்டுவோம், கலர் கலக்குவோம். ஒரு மணி நேரம் உட்கார்ந்தா டிரிக்கர் அமுங்கி இருக்கிறது 15, 20 நிமிஷம் இருந்தா அதிகம். அப்படிப் பார்த்தா ஒரு ஃபுல் டேங்க் 40 நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட வந்துரும். அவன் நோட்ல இருந்த பெரிய கட்டே 40 நிமிஷம்தான்.

இதோட விலை நான் கேட்ட இடங்கள்ல 10,000-லருந்து 12,000 வரைக்கும் இருந்தது. ஆயில் ஊத்துற சாதா ரகம் இன்னும் குறைவு, ஆனா ஆயில் ஆவி காத்துல கலந்து வந்து பெயின்ட்டைக் கெடுக்கும், ஃபில்டர் வேணும். அந்த மிச்சம் அதுலயே போயிரும்.

இதுக்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அவனே சொன்னான். "அண்ணே, அது 750 வாட்ஸ். இன்வெர்ட்டர்ல சுத்தமா ஓடாது." ஆமா, ஓடாது. ஓட வேண்டியதும் இல்ல. சுத்த ஆரம்பிக்கிற அந்த நொடியில மோட்டார் ஓடுற கரண்ட்டை விட நாலஞ்சு மடங்கு இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டர் ஓவர்லோடுன்னு கத்திட்டு நின்னுரும். ஆனா இதை நீங்க கரண்ட் இருக்கிறப்ப ரெண்டு மூணு நிமிஷம் ஓட்டி நிரப்பிட்டு, சுவிட்ச அணைச்சுடலாம். அப்புறம் கரண்ட் இருந்தா என்ன, போனா என்ன.

இதுல இன்னொரு லாபம் அவனுக்கு மட்டும் கிடைச்சது. அந்த மெஷின் மேல "சைலன்ட்"னு எழுதியிருக்கும். நம்பாதீங்க. மிக்ஸியை விடக் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். ராத்திரி 11 மணிக்கு, சுவரோட சுவர் ஒட்டின வீடுகள் இருக்கிற தெருவுல அதை ஓட்டினா மறுநாள் காலையில பஞ்சாயத்து நிச்சயம். இவன் மத்தியானம் ஷிப்டுக்கு உட்கார்றதுக்கு முன்னாடி நிரப்பி வச்சிடுறான். ராத்திரி அடிக்கிறப்ப சத்தமே இல்ல, "ஸ்ஸ்"னு ஒரு சத்தம் மட்டும். சின்ன கம்ப்ரசரா இருந்தா இருபது செகண்டுக்கு ஒரு தடவை டர்ருனு ஓடி நிக்கும். சித்தி தூங்குறது அடுத்த ரூம்ல.

டேங்க்ல காத்து கசியும், அதையும் சொல்லணும். பேட்டரி தானா இறங்குற மாதிரி. வாங்கின அன்னைக்கே நிரப்பி, கேஜைப் பார்த்து எழுதி வச்சு, பத்து மணி நேரம் கழிச்சுப் பாருங்க. பாதிக்கு இறங்கியிருந்தா எல்லா ஜாயின்ட்லயும் சோப்புத் தண்ணி தடவுங்க, முட்டை விடுற இடத்துல டெஃப்லான் டேப் சுத்துங்க. 20 ரூபா வேலை.

எல்லாருக்கும் இது இல்ல

நான் சொன்னேன்னு கண்ணை மூடிட்டு பெருசை வாங்காதீங்க. மாடியில ஒத்த ரூம் வாடகைக்கு இருக்கீங்க, பகல்ல வீட்டுல இருக்கிறதே இல்லன்னா சின்னதுதான் சரி. வீட்டுல ஏற்கெனவே 850 விஏ சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தாலும் சின்னதுதான் சரி, அது எடுக்கிறது 150 வாட்ஸ் பக்கம்தான், ஃபேனோட சேர்த்துத் தாராளமா ஓடும். கரண்டே போகாத ஏரியான்னா பேச்சே இல்ல. நான் தப்புன்னு சொல்றது ஒண்ணைத்தான்: 9,000 ரூபா பொருளைக் காப்பாத்த 27,000 ரூபாய்க்குப் பொருள் வாங்குறது. இன்வெர்ட்டர் வீட்டுக்கு வேணும்னா வீட்டுக்குன்னு வாங்குங்க, அப்பா அம்மாவும் சேர்ந்து முடிவெடுங்க. ஹாபி பேரைச் சொல்லி அதை உள்ள நுழைக்காதீங்க.

இன்னும் ரெண்டு குறுக்கு வழி இருக்கு. ஒண்ணு நல்லது, ஒண்ணு ஆபத்து. நல்லது, காரோட ஸ்டெப்னி. டயர் வால்வுக்கு ஒரு அடாப்டர், அதுக்கப்புறம் ரெகுலேட்டர், ஓஸ். பஞ்சர் கடையில 35 பிஎஸ்ஐ காத்து ஏத்திக்கிட்டு வந்தா மூணு நாலு நிமிஷத்துக்கு ஏர்பிரஷ் ஓடும். சித்தப்பா கார் ஸ்டெப்னியை வச்சுத்தான் இவன் அஞ்சு மாசம் பழகினான். பஞ்சர் கடை அண்ணன், "என்னப்பா தினமும் காத்து இறங்குது, டயரைக் கழட்டிப் பார்த்துருவமா?"ன்னு கேட்டாராம். கரண்ட் செலவு பூஜ்யம். கையில 1,300 ரூபா ஏர்பிரஷ், 600 ரூபா ரெகுலேட்டர், அடாப்டர். இந்த ஹாபி நமக்கு ஒட்டுதா இல்லையான்னு தெரிஞ்சுக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியல. ஒட்டலைன்னா நஷ்டம் 1,900, கதை முடிஞ்சது.

ஆபத்தானது, பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர். யூடியூப்ல "500 ரூபாயில் சத்தமில்லாத கம்ப்ரசர்"னு நிறைய இருக்கும். சத்தம் இல்லாதது உண்மைதான். ஆனா இப்ப வர்ற ஃப்ரிட்ஜ் நிறையதுல ஆர்600ஏன்னு ஒரு கேஸ் இருக்கும், அது ஐசோபியூட்டேன், பத்திக்கும். தெரியாம குழாயை அறுத்து, பக்கத்துல பத்த வச்சா போச்சு. டேங்க்ல அழுத்தம் இருக்கிறப்ப அந்த மோட்டாரால திரும்ப ஸ்டார்ட் ஆகவும் முடியாது, அதுக்குத் தனியா வால்வு வேணும். அதைவிட மோசம் டேங்க்குக்குப் பதிலா பிவிசி குழாயை வைக்கிறது. பிவிசி வெடிச்சா துண்டு துண்டாப் பறக்கும். பழைய சமையல் கேஸ் சிலிண்டர் பக்கமே போக வேண்டாம். சேஃப்டி வால்வும் பிரஷர் சுவிட்சும் இல்லாத எதையும் மிச்சம் பிடிக்கிறதா நினைக்காதீங்க. திராட்சைக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரை வச்சு ஓட்டலாமான்னு கூட இவன் ஒரு தடவை கேட்டான். அது தண்ணியைத் தள்ளுற பம்புடா, காத்தை இல்ல.

கரண்ட் பில் பத்தின பயம்

"கம்ப்ரசர் போட்டா பில் எகிறிடும்"னு சித்திக்குப் பயம். இதையும் கணக்குப் போட்டுக் காட்டினேன். 750 வாட்ஸ் மெஷின் ஒரு தடவை நிரப்ப மூணு நிமிஷம்னு வைங்க. நாளைக்கு ரெண்டு தடவைன்னா ஆறு நிமிஷம். ரெண்டு மாசத்துல 60 நாளும் விடாம அடிச்சாலும் 6 மணி நேரம், நாலரை யூனிட். சின்ன மெஷினும் கிட்டத்தட்ட இவ்வளவுதான் எடுக்கும், அது வாட்ஸ் குறைவு, ஆனா நிறைய நேரம் ஓடும். யூனிட் 4.70-ன்னு பார்த்தா 21 ரூபா. ரெண்டு டீ.

ஒரே ஒரு இடத்துல மட்டும் கவனம். 2024 ஜூலையில வந்த வீட்டுக் கட்டணப்படி, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள இருந்தா முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாயா இருந்தது. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.35 போய் அதுவும் 4.70 ஆயிடுச்சு. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபா, 501 யூனிட்டுக்கு 2,048 ரூபா. ஒரு யூனிட்டுக்கு 243 ரூபா! உங்க வீடு எப்பவும் 490-லயே நிக்குதுன்னா, அந்த நாலரை யூனிட்டு மட்டும் இல்ல, எல்லாமே பார்த்து ஓட்ட வேண்டியதுதான். இவங்க வீடு 260-ஐத் தாண்டினதில்ல. பில்லை எடுத்துப் பார்த்ததும் சித்தி சமாதானம் ஆயிட்டாங்க.

உண்மையான செலவு கரண்ட் இல்ல, வோல்டேஜ். இழுத்து இழுத்து ஒயர் போன கடைசி வீடு, சாயங்காலம் எல்லாரும் மோட்டார் போடுற நேரம்னா வோல்டேஜ் இறங்கும். கம்மி வோல்டேஜ்ல மோட்டார் சுத்தாம உறுமிக்கிட்டே நிக்கும், அதுதான் காயிலைக் கருக்கும். 300 ரூபா மல்டிமீட்டர் ஒண்ணு போதும், ஒரு வாரம் வேற வேற நேரத்துல பாருங்க. இவன் வீட்டுல மத்தியானம் 228 இருந்தது, ராத்திரி 7 மணிக்கு 196. அதனாலதான் மத்தியானம் நிரப்புறான். சன்னமான எக்ஸ்டென்ஷன் ஒயர்ல 750 வாட்ஸ் மோட்டாரைப் போடாதீங்க, 16 ஆம்ப் பிளக் பாயின்ட்ல நேரா போடுங்க, எர்த் இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வச்சுப் பார்த்துக்குங்க. கரண்ட் ஒயரை நீளமாக்குறதுக்குப் பதிலா காத்து ஓஸை நீளமாக்குங்க. மெஷின் பின்வாசல்ல இருக்கட்டும், நீங்க ரூம்ல இருங்க.

"ஆர்டர் எடுத்து அடைச்சிருவேண்ணே"

எல்லா இஎம்ஐ-யும் இந்த ஒரு வரியிலதான் தொடங்குது. பிரெண்ட்ஸ் ஹெல்மெட்டுக்கு டிசைன் அடிச்சுக் குடுத்தா ஒண்ணுக்கு 600 ரூபா வாங்கலாம்னு சொன்னான். சரி, போடு கணக்கு. ப்ரைமர், கலர், கிளியர் கோட், டேப் எல்லாம் சேர்த்து 250. மிச்சம் 350. தேய்க்கிறது, மறைக்கிறது, அடிக்கிறது, காயவைக்கிறதுன்னு ஒரு ஹெல்மெட் 6 மணி நேரம். மாசம் 3,000 இஎம்ஐ அடைக்க 9 ஹெல்மெட், 54 மணி நேரம். மணிக்கு 60 ரூபா கூட இல்ல. ஜீப் செய்ய ஆசைப்பட்ட பையன், ஒரு வருஷம் ராத்திரி ராத்திரி அடுத்தவன் ஹெல்மெட்டைத் தேய்க்கணும். ஹாபியைக் காப்பாத்தக் கடன் வாங்கி, அந்தக் கடனை அடைக்க ஹாபியையே வேலையா மாத்துறதுன்னா, மிச்சம் என்ன இருக்கு?

ஹெல்மெட்டுல இன்னொரு சிக்கல், பெயின்ட்லயும் தின்னர்லயும் இருக்கிற சால்வென்ட் பிளாஸ்டிக் ஓட்டை பலவீனமாக்கலாம். ஐஎஸ்ஐ முத்திரை குத்தினது, அந்த ஓடு கம்பெனியில இருந்து வந்த நிலைமைக்குத்தான். நாளைக்கு ஒரு விபத்துன்னா மனசு கேட்குமா? வீட்டுக் கனெக்ஷன்லயே தொழிலா ரெகுலரா செய்ய ஆரம்பிச்சா மின் கட்டண வகையும் மாறும், அது தனிக் கதை.

அந்த "நோ காஸ்ட்"டையும் பிரிச்சுப் பார்த்தோம். வட்டியை டிஸ்கவுண்ட்டா முன்னாடியே கழிச்சுக் காட்டுறாங்க, ஆனா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்க கார்டுக்கு வரும், பிராசசிங் ஃபீ தனி. 15 சதவீத வட்டின்னு வச்சா இந்தக் கார்ட்டுக்கு 700-லருந்து 750 ரூபா வரைக்கும். பெரிய தொகை இல்லதான். எனக்கு உறுத்தினது 12 மாசம்ங்கிற அந்த நீளம். 22,000 ரூபா மட்டும் கையில இருக்கிறவன், பைக் இஎம்ஐ-க்கு மேல இன்னொரு 3,000 கட்டிக்கிட்டு இருக்கிறப்ப வேலை போச்சுன்னா? அவன் டீம்ல ரெண்டு பேருக்கு அதே ஆவணியில நோட்டீஸ் குடுத்தாங்க. அவன் பேரு லிஸ்ட்ல இல்ல. ஆனா அந்த மூணு நாள் அவன் தூங்கலை, போன் பண்ணிப் பண்ணிப் பேசிக்கிட்டே இருந்தான். அதுல ஒரு தடவை சொன்னான், "நல்ல வேளைண்ணே, அதைப் போடலை."

என்ன செஞ்சோம்னா, மாசம் 2,800 தனியா எடுத்து வச்சான், அஞ்சு மாசம், 14,000. அதுல 24 லிட்டர் மெஷின் 10,500. ரெகுலேட்டரோட சேர்ந்த மாய்ஸ்சர் டிராப் 900. ஓஸ் 400. 16 ஆம்ப் பாயின்ட்டும் எம்சிபியும் போட 700. மீதி 1,500 மாஸ்க்குக்கு. அந்தக் கார்ட்ல மாஸ்க்கே இல்லைங்கிறதை கவனிச்சீங்களா? துணி மாஸ்க்கும் என்95-ம் பெயின்ட் துளியை ஓரளவு நிறுத்தும், தின்னர் ஆவியை நிறுத்தாது. கார்ட்ரிட்ஜ் வச்ச ரெஸ்பிரேட்டர்தான் வேணும். கார் பெயின்ட் கடையில ஹார்டனர் கலக்கிற டூ-கே கிளியர் கோட் குடுப்பாங்க, பளபளன்னு வரும். அதுல ஐசோசயனேட் இருக்கும், நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல். வீட்டுக்குள்ள அதை அடிக்கவே அடிக்காதீங்க. தண்ணில கரையிற அக்ரிலிக் போதும், அதுக்கும் ஜன்னலைத் திறந்து வைங்க. மொட்டை மாடியில அடிக்கலாமேன்னா, ஆனி ஆடியில அந்தக் காத்துல கலர் அடுத்த தெரு துணிக்கொடியிலதான் போய் விழும்.

36,000 எங்க, 14,000 எங்க. வித்தியாசம் 22,000. அவன் அவசர நிதி மொத்தமும் எவ்வளவோ, சரியா அவ்வளவு.

வாங்கி நாலு மாசம் ஆச்சு. ஒரு தடவை சொதப்பினான். ஐப்பசி மழையில ரெண்டு வாரம் டேங்க் அடியில இருக்கிற வடிகால் வால்வைத் திறக்கவே இல்ல. காத்தை அமுக்கினா அதுல இருக்கிற ஈரம் தண்ணியா அடியில தங்கும், மழைக் காலத்துல இன்னும் ஜாஸ்தி. டிராப் நிறைஞ்சு, தண்ணி ஓஸ் வழியா வந்து, பாதி முடிச்ச ஜீப் பானெட்டுல பொட்டுப் பொட்டா விழுந்துருச்சு. மறுபடி தேய்ச்சு முதல்ல இருந்து அடிச்சான். இப்ப வாரா வாரம் ஞாயித்துக்கிழமை கொஞ்சம் காத்தை வச்சுக்கிட்டு வடிகாலைத் திறந்து விடுறான், துருக் கலர்ல ஒரு கரண்டி தண்ணி வருது. செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க இதை அவசியம் பாருங்க: வால்வைத் திறந்தா கெட்டியா செந்நிறச் சேறு வந்தா, விலை எவ்வளவு குறைச்சாலும் அந்த டேங்க் வேண்டாம். உள்ள எவ்வளவு அரிச்சிருக்குன்னு வெளியில இருந்து தெரியாது.

போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு அவன்கிட்ட இருந்து ஒரு போட்டோ வந்தது. ரூம் இருட்டு, தலையில மாட்டுற எல்இடி லைட் வெளிச்சத்துல ஜீப்போட பின்பக்கம், டயர்ல இருந்து மேல மங்கி ஏறுற செம்மண் கலர். "கரண்ட் போயிருச்சுண்ணே, இன்னும் 3 பார் இருக்கு"ன்னு கீழ எழுதியிருந்தான்.

உங்க வீட்டுல ராத்திரி 7 மணிக்கு வோல்டேஜ் எவ்வளவு இருக்குன்னு பார்த்து எழுதுங்க, ஊர்ப் பேரோட. ஸ்டெப்னி அடாப்டரை எப்படி மாட்டுறதுன்னு அடுத்த வீடியோவுல அவனையே வச்சுக் காட்டுறேன், முகத்தைக் காட்ட மாட்டானாம், கை மட்டும்தான்.